பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு

பாடசாலைக் கல்வியை முடித்து வெளியேறும் மாணாக்கனுக்கு வழங்கப்படும் சான்றிதழ் வெறும் கடதாசியன்று. தொழில், மேற்படிப்பு, ஏன், மணப்பேச்சு வரைக்கும் அதன் செல்வாக்கு நீள்கின்றது. ஆதலின், அதனைப் பெறுதற்குரிய நிபந்தனைகளை ஓர் அரசு மாற்ற முற்படும்போது, எதனை மாற்றுவது என்ற வினாவைப் போலவே, எந்த ஆண்டு முதல், எவர்மீது என்ற வினாவும் எழுகின்றது. முதலாவது வினாவைக் கல்விமான்கள் மேடைதோறும் அலசுவர். இரண்டாவதை எழுதுவினைஞரின் சில்லறை வேலையென ஒதுக்கிவிடுவர். அவ்வாறு ஒதுக்கத் தகாதது அது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எழுந்த வழக்கொன்று தக்க சான்றாகும்.

1970களில், எழுத வாசிக்க அறியாதவர்க்கும் பாடசாலைகள் சான்றிதழ் வழங்கி அனுப்புகின்றன என்ற முறைப்பாடு அந்நாடெங்கும் எழுந்தது. அது முற்றிலும் பொய்யன்று. புளோரிடாச் சட்டசபை 1978இல் ஒரு தீர்வு கண்டது. 1979இல் வெளியேறும் வகுப்பு முதற்கொண்டு, செயல்முறை எழுத்தறிவுப் பரீட்சை ஒன்றில் சித்தியடையாதவர்க்குச் சான்றிதழ் கிடையாது. பாடசாலைக் காலத்தைப் பூர்த்தி செய்தார் என்ற அத்தாட்சி மட்டுமே கிடைக்கும். பரீட்சை மொழி, கணிதம் என இரு பகுதிகளைக் கொண்டது. அன்றாட வாழ்வில் ஒருவருக்கு வேண்டிய வாசிப்பும் கணக்குமே அதிற் கேட்கப்பட்டன. இதனினும் நியாயமான கோரிக்கை வேறென்ன என்றே எவரும் கேட்பர்.

1977இல் அப்பரீட்சை முதன்முறையாக நடைபெற்றபோது கறுப்பின மாணவருள் 100க்கு 78 பேர் ஒரு பகுதியிலேனும் தவறினர். வெள்ளையின மாணவருள் தவறியோர் 100க்கு 25 பேர். மூன்றாம் முறையும் எழுதியபின்னர், கறுப்பினத்தவருள் ஏறத்தாழ 20 வீதத்தினர் இன்னும் தேறாதிருந்தனர்; வெள்ளையினத்தவருள் எஞ்சியோர் 2 வீதத்தினும் குறைவு.

இவ்வெண்களைக் கண்டதும் இனவெறியர் ஒரு முடிவுக்கு வருவர். அதனை ஈண்டு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நல்லெண்ணம் படைத்தோர் சிலரோ பரீட்சையே நிறவெறி கொண்டது என்பர். இரண்டும் அவசர முடிபுகள். 1978இல் மாணவர் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கு (மாணவி ஒருத்தியின் பெயரால் 'டெப்ரா பி.' வழக்கு எனப்படுவது) வேறொரு வினாவை எழுப்பியது. 1979இல் வெளியேறப் போகும் இப்பிள்ளைகள் முதலாம் வகுப்பில் எங்கே இருந்தனர்?

அவர்கள் முதலாம் வகுப்பிற் சேர்ந்தது 1967இல். நிறத்தாற் பிரிக்கப்பட்ட பாடசாலைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954இலேயே தீர்ப்பளித்திருந்தும், புளோரிடாவில் அவை கலைந்து முடிய 1971 ஆயிற்று. ஆகவே, வாசிக்கவும் எண்ணவும் கற்கும் முதல் நான்கு ஆண்டுகளையும் அக்கறுப்பினப் பிள்ளைகள் பிரித்து வைக்கப்பட்ட, வசதி குன்றிய பாடசாலைகளிலேயே கழித்தனர். அந்நான்கு ஆண்டுகளைக் கெடுத்த அதே அரசே, பன்னிரண்டாம் வகுப்பின் வாயிலில் நின்று, உனக்கு வாசிக்கத் தெரியுமா என வினவிற்று.

1979இல் நீதிபதி ஜோர்ஜ் கார் அளித்த தீர்ப்பு இவ்விடத்திலேதான் சிறப்புறுகின்றது. அவர் பரீட்சையைக் கிழித்தெறியவில்லை. பின்தங்கியோரைக் கண்டறிந்து மேலதிகப் பயிற்சியளிக்க அது பயன்படலாம் என்றார். ஆனால் அதன் பெறுபேற்றைக் கொண்டு சான்றிதழை மறுப்பதனை 1982-83 கல்வியாண்டு வரை தடைசெய்தார். ஏன் அந்த ஆண்டு? 1971இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்தோர் 1983இலேயே வெளியேறுவர். பன்னிரண்டு ஆண்டுகளும் பிரிவினையற்ற பாடசாலையிற் கற்ற முதல் வகுப்பு அதுவே. போதிய முன்னறிவித்தல் எவருக்கும் தரப்படவில்லை என்பதும் தீர்ப்பின் இன்னொரு காரணம். அதன் பயன் வெள்ளையினப் பிள்ளைகளையும் சார்ந்தது.

1981இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. பரீட்சையிற் கேட்கப்பட்டவை வகுப்பறையில் உண்மையிற் கற்பிக்கப்பட்டனவா என்பதனை அரசே நிரூபித்தல் வேண்டும் என்றது. பாடவிதான நூலில் அச்சிடப்பட்டிருத்தல் போதாது. இத்தகையதொரு வினாவுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்ட கல்வித் திணைக்களங்கள் உலகில் எத்தனை உள?

எனினும் இத்தீர்ப்புகளை வானளாவப் புகழ்தற்கில்லை. பிரிவினையின் தழும்பு பன்னிரண்டு ஆண்டில் மறைந்துவிடும் என்பது நீதிமன்றத்தின் கணக்கு. வறிய வீட்டின் கணக்கு வேறு. பிரிவினைப் பாடசாலையிற் கற்ற தாயின் மகள் 1971இற் சேர்ந்தாலும், வீட்டில் அவளுக்கு வாசித்துக் காட்ட எவருளர்? கற்பித்தல் நிகழ்ந்தது என்பதனை அரசு பின்னர் ஆசிரியரிடமும் மாணவரிடமும் வினாக்கொத்து நிரப்பி நிரூபித்தது. 1984இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை ஏற்கவே, நிபந்தனை நடைமுறைக்கு வந்தது. தேறாது எஞ்சியோருள் கறுப்பினத்தவரே அப்போதும் தம் தொகைக்கு மிஞ்சிக் காணப்பட்டனர். நீதிமன்றம் காலத்தைத் தந்தது. அக்காலத்தை நிரப்பவேண்டிய ஆசிரியர்களைத் தருவது அதன் கையில் இருக்கவில்லை.

தரத்தைக் குறைத்துவிடுவதே ஏழைக்குச் செய்யும் உதவி எனக் கருதும் முற்போக்காளரும் உளர். வாசிக்கத் தெரியாதவன் கையிற் சான்றிதழைத் திணித்து அனுப்புவது அவனுக்கு இழைக்கும் இரண்டாவது வஞ்சனை. தரம் உயரத்தான் வேண்டும்; உயர்த்துவதன் விலையை யார் செலுத்துவது என்பதே வழக்கு. மசச்சூசெட்ஸ் மாநிலம் இவ்வகையில் ஓரளவு நேர்மையாக நடந்தது. 1993இற் சட்டம் இயற்றி, வறிய பிரதேசப் பாடசாலைகளுக்கு ஏழாண்டுக் காலம் படிப்படியாக நிதியை உயர்த்தி, 2003இல் வெளியேறிய வகுப்பு முதலே பரீட்சையைக் கட்டாயமாக்கிற்று. 2024 நவம்பரில் வாக்காளர் அக்கட்டாயத்தை நீக்கினர் என்பது வேறு கதை.

கலிபோர்னியாவிலோ 1999இல் விதிக்கப்பட்ட வெளியேற்றப் பரீட்சை, 2004ஆம் ஆண்டு வகுப்புக்கென அறிவிக்கப்பட்டு, ஆயத்தம் போதாமையால் 2006க்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2015இல் அரசே அதனை இடைநிறுத்தியது. அத்தோடு, ஏனைய தேவைகளை நிறைவு செய்தும் இப்பரீட்சை ஒன்றினால் மட்டும் சான்றிதழ் மறுக்கப்பட்ட முன்னாள் மாணவர் அனைவர்க்கும் அதனை வழங்குமாறும் சட்டம் பணித்தது. 2006இற் பதினெட்டு வயதினராய் வெறுங்கையோடு வெளியேறியோர் அப்போது இருபத்தேழு வயதினர். சான்றிதழ் கேட்ட வேலைகளுக்கு விண்ணப்பிக்க இயலாது அவர்கள் கழித்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.