உயர்ந்த கூரையும் தாழ்ந்த விளக்கும்

திரும்பி வந்த வீடுகளின் வெளிச்சம் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

யாழ்ப்பாணம் சோனகதெருவில் நான் தொழும் பள்ளிவாசலுக்குப் புது லைட் பூட்டிய அன்றிரவு, இஷாவுக்குப் பிறகு முற்றத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "பகல் மாதிரி இருக்கு." நானும் தலையாட்டினேன். நிர்வாகத்தில் இருப்பவர்கள் கைக்காசு போட்டுச் செய்த வேலை அது. வெளிநாட்டிலுள்ள ஊர்ப் பிள்ளைகளும் அனுப்பியிருந்தார்கள். அந்த இடத்தில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அடுத்த நாள் மஃரிபுக்குப் பின் இருபது நிமிடம் ஓதிக்கொண்டிருந்தபோது கண்ணில் நீர் வடியத் தொடங்கியது. எழுத்தும் சரியாகத் தெரியவில்லை. வெளிச்சம் கூடிய இடத்தில் எழுத்துத் தெரியாமற் போனது ஏன் என்ற கேள்வியிலிருந்தே இக்குறிப்பு தொடங்குகிறது.

இலக்கிய ஆய்வு ஏடொன்றில் மின்குமிழைப் பற்றி எழுதுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். எமது வெளியேற்றத்தைப் பற்றிக் கவிதை வந்திருக்கிறது, கதை வந்திருக்கிறது, ஆய்வும் வந்திருக்கிறது. காணி உறுதி, மீள்குடியேற்றப் பதிவு, வீட்டுத்திட்டம் எல்லாவற்றையும் பேசியாகிவிட்டது. திரும்பக் கட்டிய கட்டடத்துக்குள் இரவில் எப்படி இருக்கிறோம் என்பதை மட்டும் நாம் பேசவில்லை. கட்டடத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்றால், அதன் வெளிச்சமும் வாசிப்புக்கு உரியதுதான்.

கூரை ஏன் உயர்ந்தது

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். 2002 போர்நிறுத்தத்தின் பின் சிலரும் 2009இன் பின் இன்னும் பலரும் திரும்பி வந்து பார்த்தபோது, பல வீடுகளில் சுவர் மட்டுமே நின்றது. ஓடும் இல்லை, வளையும் இல்லை, நிலையும் இல்லை. எங்கள் உம்மும்மா வீட்டு நடுக்கூடத்தில் ஓர் ஆலங்கன்று சுவரைப் பிளந்து வளர்ந்திருந்தது.

அந்தச் சுவர்கள் உயரமானவை. சுண்ணாம்புக்கல் சுவர், அதன் மேல் பனை வளை, பனஞ்சிலாகை, அதற்கு மேல் ஓடு. முகடு பதினெட்டு அடிக்குக் குறையாது. இந்த உயரம் ஆடம்பரத்துக்காக வந்ததல்ல. மின்விசிறி இல்லாத காலத்தில் சூடான காற்று மேலெழுந்து ஓட்டிடுக்கால் வெளியேற வேண்டும், ஆள் இருக்கும் மட்டத்தில் குளிர்ச்சி நிற்க வேண்டும் என்பதற்காக உயர்த்தினார்கள். கூரையின் உயரம் வெக்கைக்கு உரியது. வெளிச்சத்தை அவர்கள் அங்கே கொண்டுபோகவில்லை.

பழைய வெளிச்சம் எங்கே இருந்தது என்று உம்மாவிடம் கேட்டால் கையால் காட்டுவா. சுவரில் தோள் மட்டத்தில் ஒரு மாடம், அதில் விளக்கு. தூணில் ஒரு ஆணி, அதில் அரிக்கன் லாம்பு. வாப்பா சொன்னது பள்ளியைப் பற்றி. அங்கே கண்ணாடி விளக்கு கப்பியில் தொங்கியதாம். எண்ணெய் விடக் கயிற்றை இளக்குவார்களாம், மறுபடி இழுத்தாலும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலேதான் நிறுத்துவார்களாம். கரண்ட் வந்த பிறகுதான் விளக்கு முகட்டுக்குப் போனது. வயர் வளையோடு ஓடியது, ஆகவே குமிழும் வளையிலேயே தங்கிவிட்டது. வயரிங் வசதிக்காக நடந்த ஒன்றை நாங்கள் பிறகு அழகு என்று நம்பிக்கொண்டோம்.

தூரமும் நிறமும்

கண் நீர் வடிந்ததற்குக் காரணம் இரண்டு. முதலாவது தூரம். சிறிய ஒளிமூலம் ஒன்றிலிருந்து தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதியாவதில்லை, காற்பங்காகிறது. ரெஹாலில் உள்ள குர்ஆன் நிலத்திலிருந்து ஏறத்தாழ ஓரடி உயரத்தில் இருக்கிறது. பதினெட்டு அடியில் உள்ள லைட் அதற்கு 17 அடி தூரம். அதே லைட்டை எட்டு அடிக்கு இறக்கினால் தூரம் 7 அடி. நேர் கீழே உள்ள தாளில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ ஆறு மடங்காகும். லைட்டுகள் பல இருந்து, சுவரும் வெள்ளையாக இருந்தால் இந்த வித்தியாசம் குறையும், ஆனால் இல்லாமற் போகாது. நாங்கள் செய்தது என்ன? தாளுக்கு வெளிச்சம் காணாது என்று மேலே இன்னும் நாலு பனல் பூட்டினோம். தாளுக்குக் கொஞ்சம் வந்தது, கண்ணுக்கு நிறைய வந்தது. எதிர் வரிசைப் பனல்கள் பார்வைக்குள் நின்று கூசின. பளபளப்பான தாளில் அவற்றின் வெள்ளை படிந்து எழுத்தை மூடியது.

இதில் வயதும் சேரும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். மஃரிபுக்குப் பின் பள்ளியில் இருந்து ஓதுபவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது நிறம். கடைப்பெட்டியில் 'டே லைட்' என்று இருந்தால் பெரும்பாலும் 6500 கெல்வின். 'வாம் வைட்' என்றால் 2700 அல்லது 3000. எண் கூடக் கூட ஒளி நீலம் பூசிக் குளிரும், குறையக் குறைய மஞ்சளாகி இளஞ்சூடாகும். மெழுகுதிரி 1900 அளவில், பழைய இழைக்குமிழ் 2700 அளவில் நிற்கும். பிலிப்ஸ் நிறுவன ஆய்வுகூடத்தில் இருந்த குரூய்த்தோவ் என்பவர் 1941இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். வெளிச்சம் குறைந்த இடத்தில் குளிர் நிற ஒளி மனிதருக்குச் சோகையாகத் தெரிகிறது, இளஞ்சூட்டு ஒளியே இதமாக இருக்கிறது என்பது அதன் சாரம். அந்தக் கோட்டின் துல்லியத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் கேள்விக்குட்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் உயர்ந்த கூரையிலிருந்து வெள்ளை லைட் இறங்கும் கூடத்தில் இருந்தவருக்கு அவர் சொன்னது விளங்கும். நடுப்பகலின் நிறம் இருக்கிறது, ஆனால் அதன் பலம் இல்லை. அந்த வெளிச்சத்தில் ஆட்களின் முகம் நோய் கண்ட முகம் போல் வெளிறித் தெரியும்.

உயர்ந்த கூரை எமக்கு மட்டும் உள்ள சங்கடமல்ல. முஸ்லிம் கட்டடக்கலை இதை எப்போதோ தீர்த்திருக்கிறது. 1557இல் சினான் கட்டி முடித்த இஸ்தான்புல் சுலைமானியா பள்ளியின் குவிமாடம் 53 மீற்றர் அளவு உயரம். அத்தனை உயரத்திலிருந்து நீண்ட சங்கிலிகள் இறங்கி, தொழுபவரின் தலைக்குச் சற்று மேலே வட்ட இரும்புச் சட்டங்களைத் தாங்குகின்றன. அன்று அதில் எண்ணெய் விளக்குகள், இன்று மின்குமிழ்கள், உயரம் மட்டும் மாறவில்லை. கூட்டத்துக்கு மேல் வெளிச்சத்தாலான ஒரு தாழ்ந்த கூரை, அதற்கும் மேலே அரையிருளில் பெரிய குவிமாடம். கெய்ரோவின் மம்லூக் சுல்தான்கள் 14ஆம் நூற்றாண்டில் செய்வித்த எனாமல் பூசிய கண்ணாடி விளக்குகளும் இப்படித்தான் சங்கிலியில் தாழத் தொங்கின. அவற்றிற் பலவற்றின் கழுத்தைச் சுற்றி சூறா அந்நூரின் 35ஆம் வசனம் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வசனத்தின் உவமையில் விளக்கு இருப்பது ஒரு மாடத்தில். உம்மா கையால் காட்டிய அதே மாடம். தஃப்ஸீர் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கைக்கெட்டும் உயரத்தில் விளக்கு வைத்த ஒரு பண்பாட்டின் பிள்ளைகள் நாங்கள் என்று மட்டும் சொல்லுகிறேன்.

இருட்டைப் புகழலாமா

வெளிச்சத்தைப் பற்றிப் பேசும் எவரும் ஜப்பானிய எழுத்தாளர் தனிஸாக்கியிடம் வந்து சேருவார்கள். 1933இல் அவர் எழுதிய 'நிழல்களின் புகழ்' என்ற கட்டுரை, மின்வெளிச்சம் ஜப்பானிய வீட்டின் அழகைத் தின்றுவிட்டது என்று வாதிடுகிறது. கியோட்டோவில் ஓர் உணவுச்சாலையில் மின்விளக்கை மாற்றி மெழுகுதிரி கொண்டுவரச் சொன்ன பிறகுதான், அரக்குப் பூசிய பாத்திரங்களின் அழகு தனக்குத் தெரிந்தது என்கிறார். பனை வளையின் கருமையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது உடனே விளங்கியது. சில காலம் அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் வாதாடித் திரிந்தேன்.

என்னை நிறுத்தியது மச்சான். "இருட்டில இருந்தது காணும். நீங்க புத்தகத்தில வாசிக்கிறீங்க, நான் பதினெட்டு வருசம் அதுக்குள்ள இருந்தவன்" என்றார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் குப்பி லாம்பு வைத்துப் படித்த பிள்ளைகளில் அவரும் ஒருவர். ஓலையில் தீப்பிடிக்கும் என்ற பயத்தில் அதையும் நேரத்தோடு அணைத்துவிடுவார்கள். நாங்கள் விட்டுவந்த ஊரில் இருந்தவர்களுக்கும் வேறு கதி இல்லை. கரண்ட் இல்லாமல், மண்ணெண்ணெய்த் தடைக்குள், ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டு மெல்லிய திரி போட்டுக் குடாநாடு பல வருடம் படித்தது. இப்படி வந்த ஒரு சனம் சுவிச்சைப் போட்டதும் பகல் வேண்டும் என்று கேட்பதில் என்ன பிழை? வெள்ளை லைட் அவர்களுக்கு அலங்காரம் அல்ல. இனி யாரும் எங்களை இருட்டில் எழுப்பி வெளியே போகச் சொல்லமாட்டார்கள் என்ற உறுதிமொழி.

தனிஸாக்கிக்கும் இது தெரியாததல்ல. அவர் வீடு கட்ட நினைத்தபோது, கட்டடக் கலைஞர் அவருடைய கட்டுரையை வாசித்துவிட்டு, அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும் என்றாராம். அப்படியான வீட்டில் தன்னால் இருக்கவே முடியாது என்று தனிஸாக்கி மறுத்ததாக அவர் மனைவி சொல்லியிருக்கிறார். நிழலைப் புகழ்ந்தவரே நிழலில் குடியிருக்கத் தயாரில்லை. ஆகவே எம்மவரிடம் இருட்டை விற்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் இங்கேதான் எங்கள் வாதம் இரண்டு சங்கதியை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. மஞ்சள் வெளிச்சம் என்றால் மங்கல் வெளிச்சம் என்று நினைக்கிறோம். குப்பி லாம்பின் நினைவு அது. 2700 கெல்வினில் 800 லூமன் தரும் ஒன்பது வற் குமிழும், 6500இல் 800 லூமன் தரும் குமிழும் ஒரே அளவு வெளிச்சம்தான் தருகின்றன. நிறம் வேறு, அளவு வேறு. மச்சான் கேட்டது அளவை. கடைக்காரர் கொடுத்தது நிறத்தை.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்லுகிறேன். முகட்டு லைட்டைக் கழற்றினேன். கூடத்தில் மூன்று குமிழ்களை எட்டு அடிக்கு இறக்கி, கீழ்நோக்கிய மூடி போட்டேன். மேல்நாட்டுப் புத்தகங்கள் வெளிச்சத்தைக் கூரையில் அடித்துத் திருப்பச் சொல்லும். அது வெள்ளைப் பூச்சுக் கூரைக்குச் சரி. எங்கள் ஓடும் பனையும் வெளிச்சத்தைக் குடித்துவிடும். எங்களிடம் வெள்ளையாக இருப்பது சுவர், ஆகவே மாட உயரத்தில் இரண்டு விளக்கு வைத்துச் சுவரில் அடித்தேன். விசிறி இறக்கைக்கு மேலே எந்த லைட்டையும் விடவில்லை. விட்டால் வெளிச்சம் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு அறை முழுக்கத் துடிக்கும், தலையிடி நிச்சயம். பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 என்று இருந்ததைத் தேடி எடுத்தேன், முகமும் துணியும் தன் நிறத்தில் தெரிய. மழை விட்ட இரவில் ஈசலும் முன்னரைப் போல் மொய்ப்பதில்லை. பூச்சிகளை அதிகம் இழுப்பது நீலம் கூடிய ஒளி. உம்மா ஓதும் மூலையில் மட்டும் தலைக்குப் பின்னால் தனியாக ஒரு விளக்கு, அதுவும் இளஞ்சூட்டு நிறம்தான், ஆனால் நல்ல பலம். குசினியில் வெள்ளை லைட்டை நான் தொடவில்லை. மீன் வெட்டும் இடத்தில் அது இருக்கட்டும்.

பள்ளி நிர்வாகத்திடமும் இதைச் சொன்னேன். ஜும்ஆவுக்கு ஆட்கள் எழும்பி நிற்கும்போது தலையில் இடிக்காதா என்றார்கள். எட்டு அடி என்று அளந்து காட்டினேன். பின்வரிசையில் இரண்டு இடத்தில் இறக்கிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். மச்சான் இன்னும் சம்மதிக்கவில்லை. "மஞ்சள் எண்டா பழைய காலம் மாதிரி" என்கிறார். அந்தச் சொல்லில் உள்ள நோவை ஒரு குமிழ் ஆற்றாது, எனக்கும் தெரியும்.

இன்னும் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் எம்மில் பலர். சுவர் பூச முன்பு வயரிங் தம்பி வந்து முகட்டைப் பார்த்து அளவெடுப்பார். அவரைக் கொஞ்சம் கீழே பார்க்கச் சொல்லுங்கள். பாய் எங்கே விரியும், வாப்பா எங்கே ஓதுவார், பிள்ளை எங்கே கொப்பியை விரிக்கும் என்று காட்டுங்கள். வயர் அந்த இடங்களுக்குத்தான் போகவேண்டும்.