அகதியின் நினைவும் வியட்நாம் யுத்த இலக்கியமும்

வியட்நாம் மக்களின் விடுதலைப் போர் நடந்த காலத்தில் எமது முற்போக்கு எழுத்தாளர் அப்போரைத் தமதெனவே கருதினர். பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியையும், அதன் பின் அமெரிக்க ஏகாதிபத்தியத்தையும் ஒரு விவசாய நாடு எதிர்த்து நின்றபோது அதன் பக்கம் நின்றமை நியாயமே. அந்நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவேண்டிய காரணம் எதனையும் நாம் காணவில்லை. எனினும், 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்ததோடு கதை முடிந்ததெனப் பலர் ஏட்டை மூடிவிட்டனர். அதன்பின் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 8 இலட்சம் மக்கள் படகேறிப் பிற நாட்டுக் கரைகளை அடைந்தனர். கடலில் மாண்டோரை எண்ணிக் கணக்கெடுத்தார் எவருமிலர். இம்மக்களை ‘அமெரிக்காவின் எடுபிடிகள்’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவோர் இடதுசாரிகளிடையே இன்றும் உளர். அவர்களது இலக்கியத்தையும் அவ்வாறே ஒதுக்கிவிடலாமா?

வரலாற்றைச் சற்று நோக்குவோம். வியட்நாமிய அகதி 1975இல் திடீரெனத் தோன்றியவனல்லன். 1954இல் ஜெனீவா உடன்படிக்கையால் நாடு பிரிந்தபோதே 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே பெயர்ந்தனர். 1962இல் தெற்கில் விரிவாகத் தொடங்கப்பட்ட ‘மூலோபாயக் கிராமங்கள்’ என்னும் திட்டம், விவசாயிகளை வயலினின்றும் முன்னோரின் கல்லறைகளினின்றும் பெயர்த்து வேலிகளுக்குள் அடைத்தது. பின்னர் அமெரிக்கக் குண்டுவீச்சு இலட்சக்கணக்கானோரை நகரச் சேரிகளுக்குத் துரத்தியது. 1978இல் தெற்கில் தனியார் வர்த்தகம் ஒழிக்கப்பட்டு, சீனாவுடனான பகைமையும் முற்றியபோது, சீன வம்சாவளியினர் பெருந்தொகையாகப் படகேறினர். மறுகல்வி முகாம்களுக்கு அஞ்சியோரும், யுத்தமும் பொருளாதாரத் தடையும் விளைத்த வறுமைக்கு ஆற்றாதோரும் அவர்களோடு சென்றனர். இவர்களனைவரையும் ஒரே வர்க்கமாகக் கொள்வதை மார்க்சிய ஆய்வு என்று நாம் கூறமாட்டோம்.

இவர்களை நினைவுகூர எவருக்கும் விருப்பமிருக்கவில்லை. 1982இல் வாஷிங்டனில் எழுப்பப்பட்ட கருங்கல் மதிலில் 58,000இற்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பெயர்கள் உள. வியட்நாமிய மக்களுக்கு அதில் இடமில்லை. முன்னாள் அகதிகள் தாம் தங்கியிருந்த மலேசியாவின் பிடொங் தீவிலும் இந்தோனேசியாவின் கலாங் தீவிலும் நாட்டிய நினைவுக் கற்கள், வியட்நாம் அரசு ஆட்சேபித்ததால் 2005இல் அகற்றப்பட்டன. வென்ற அரசொன்று கல்லுக்கு அஞ்சியது வியப்பிற்குரியதே.

கல் செய்யமுடியாததை எழுத்துச் செய்ய முயன்றது. வியெட் தான் நுயென் 1971இல் வியட்நாமிற் பிறந்து, 1975இல் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். அப்பெற்றோர் 1954இலும் வடக்கைவிட்டுப் பெயர்ந்தவர்கள். 2016இல் புலிட்சர் பரிசு பெற்ற அவரது ‘த சிம்பதைசர்’ நாவலின் கதைசொல்லி, தெற்கு இராணுவத்தினுள் இருந்த கம்யூனிஸ்ட் ஒற்றன். நாவலின் உயிர்ப்பான பகுதி ஹொலிவூட் படப்பிடிப்பொன்றைப் பற்றியது. பிலிப்பைன்ஸ் முகாமொன்றிலிருந்து கூட்டிவரப்பட்ட அகதிகள் கூலிக்காகக் கெரில்லாக்களாக நடிக்கிறார்கள். எவரிடமிருந்து தப்பியோடினார்களோ அவர்களாகவே வேடமிட்டுக் கமராவின் முன் செத்துச் செத்து விழுகிறார்கள். ஏகாதிபத்தியம் நாட்டை மட்டுமல்ல, நாட்டின் கதையையும் கொள்ளையிடுகிறது என்பதை இதனினும் கூர்மையாகச் சொல்லுதல் அரிது. ஆயினும், மறுகல்வி முகாமில் நிகழும் இறுதிப் பகுதியில் ஆசிரியரின் சாதுரியம் மேலோங்கி, புரட்சியின் இலட்சியத்தையும் அதன் சீரழிவையும் ஒருசேர எள்ளும் சூனியவாதத்தின் விளிம்பை நாவல் தொட்டுவிடுகிறது.

பரிசு பெற்ற நாவலைக் காட்டிலும், ‘த ரெஃபியூஜீஸ்’ (2017) தொகுதியிலுள்ள ‘யுத்த ஆண்டுகள்’ என்னும் சிறுகதையே எமக்குச் சிறந்ததாகத் தோன்றுகிறது. கலிபோர்னியாவில் மளிகைக்கடை நடத்தும் அகதிக் குடும்பமொன்று. காசைக் காசாக எண்ணி வாழும் தாய். திருமதி ஹோவா என்பவள் தாயகத்தை மீட்கப்போகும் கெரில்லாப் படைக்கு நிதி கேட்டு வருகிறாள். கொடாதவருக்குக் கம்யூனிஸ்ட் அனுதாபி என்னும் பழி வரும், வியாபாரம் படுத்துவிடும். (இக்காட்சிக்கு ஈழத்து வாசகரிடம் விளக்கவுரை வேண்டியதில்லை.) சினங்கொண்ட தாய் அவளைப் பின்தொடர்ந்து சென்று காண்பது யாது? கணவனையும் மகனையும் போரிற் பறிகொடுத்து, இல்லாத படைக்குச் சீருடை தைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை. தோற்ற யுத்தத்தை முடிக்க அவளால் இயலவில்லை. முடித்தால் இறந்தோர் இறந்தவராகிவிடுவர். தாய் காசைக் கொடுத்துவிடுகிறாள். அரசியலில் அவள் ஒரு அணுவும் மாறவில்லை. பிற்போக்கான ஒரு நம்பிக்கையை, அதை நம்புகிறவளை வெறுக்காமலே, அம்பலப்படுத்துகிறது இக்கதை. யதார்த்தவாதம் செய்யவேண்டிய பணி இதுவன்றோ!

வென்றோர் பக்கத்திலும் இதையொத்த குரல் எழுந்துள்ளது. வட வியட்நாமியப் படையிற் போரிட்ட பாவோ நின், ‘போரின் துயரம்’ என உலகறிந்த தமது நாவலை 1990இல் வேறொரு தலைப்பில் வெளியிட்டார். அதன் நாயகன் கியென், யுத்தம் முடிந்தபின் காட்டில் தோழரின் எலும்புகளைத் தேடித் திரட்டுகிறான். திருமதி ஹோவாவையும் கியெனையும் அருகருகே வைத்துப் படிக்குமாறு எமது மாணவருக்குச் சொல்வோம். இருவரும் ஒருவரையொருவர் எதிரியென்றே அழைத்திருப்பர்.

நுயெனிடம் நாம் காணும் பெருங்குறை ஒன்றுண்டு. அவரது அகதிகளிற் பெரும்பாலோர் அதிகாரிகள், கடைக்காரர், படித்தவர்கள். வேலிக் கிராமத்துள் அடைபட்ட விவசாயப் பெண் அவர் பக்கங்களில் அரிதாகவே பேசுகிறாள். அவளது குரலைக் கேட்க லே லி ஹேய்ஸ்லிப்பின் 1989ஆம் ஆண்டுச் சுயசரிதைக்கே செல்லவேண்டும். தானாங்குக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றிற் பிறந்து, கெரில்லாக்களுக்கு உதவியதற்காகத் தெற்கு அரசினாலும், பின்னர் கெரில்லாக்களாலுமே வதைக்கப்பட்டவர் அவர். அந்நூல் தனியே ஆராயப்படவேண்டியது. பிறிதோர் இதழில் அதனை எடுத்துக்கொள்வோம்.