காலடியில் ஒரு முடிவு

நாம்கோ நிறுவனம் 1995-இல் ஆர்கேட் கூடங்களுக்குக் கொண்டுவந்த 'டைம் கிரைசிஸ்' ஆட்டத்தில் நாமாக ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. கேமரா இழுத்துப் போகிற வழியில் போக வேண்டும், எதிரே முளைப்பவனைச் சுட வேண்டும். ரயில் ஷூட்டர் என்ற வகையே இப்படித்தான். நடக்கக்கூட விடாதது என்ன ஆட்டம் என்று கேட்பவர்கள் கீழே இருக்கும் மிதியைக் கவனிப்பதில்லை.

மிதியை அழுத்தினால் மறைவிலிருந்து வெளியே வருவோம். சுடலாம், சுடப்படவும் செய்யலாம். காலை எடுத்தால் மீண்டும் பதுங்கிவிடுவோம், துப்பாக்கியில் ஆறு குண்டுகள் நிரம்பிவிடும். ஆனால் பதுங்கியிருக்கும்போதும் கடிகாரம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓர் இடத்தை முடித்தால்தான் கூடுதல் நொடிகள் கிடைக்கும். உயிர் மிச்சமிருந்தும் நேரம் தீர்ந்து தோற்பவர்கள் உண்டு. எழுவதா, இன்னும் அரை நொடி பொறுப்பதா? நடக்கும் வேலையைப் பறித்துக்கொண்டு, அந்த ஒரு முடிவின் மேல் மொத்த ஆட்டத்தையும் நிறுத்தியதுதான் இதன் சாதனை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நல்ல பேட்ஸ்மேன் பந்துவீச்சாளரின் மணிக்கட்டைப் படிக்கிறார். அடுத்த பந்தில் பந்துவீச்சாளரும் திட்டத்தை மாற்றுகிறார். இங்கே எதிராளி மாறுவதே இல்லை. பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுபவன் நூறாவது முறையும் அதே பெட்டிக்குப் பின்னாலிருந்துதான் எழுவான். தேர்ந்த ஆட்டக்காரர் அவன் எழும் முன்பே அங்கே குறிவைத்துக் காத்திருக்கிறார். அதற்குக் கை பழகியிருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் பாதிக்கு மேல் மனப்பாடம். காசு போட்டு ஆடும் இடத்தில் அந்த மனப்பாடத்துக்கே ஒரு விலை இருந்தது. ஆட்டம் வீட்டுக்கு வந்ததும் காசு போய்விடும் என்ற அச்சம் போய், அரை மணி நேரத்துக்குள் முடியும் ஆட்டத்தின் சிறுமை மட்டும் கண்ணில் பட்டது.

தொழில்நுட்பமும் கைவிட்டது. பழைய படக்குழாய் டிவியில் மின்கதிர் வரிவரியாகத் திரையை வரையும். அந்த ஒளி துப்பாக்கியின் உணரிக்கு எட்டும் கணத்தை வைத்துத்தான் குறி கணக்கிடப்பட்டது. எல்சிடி திரையில் அந்தக் கதிரே கிடையாது. நிண்டெண்டோவின் வீ ஆட்டக் கருவி அகச்சிவப்பு ஒளியால் இந்த வகைக்கு மறுவாழ்வு தந்தது. 2007-இல் 'ரெசிடென்ட் ஈவில்: அம்ப்ரெல்லா க்ரோனிகிள்ஸ்' வந்தது. ஆனால் அதில் திரையில் மிதக்கும் குறிப்புள்ளியைத்தான் துரத்துகிறோம். துப்பாக்கிக் குழலோடு கண்ணை ஒட்டிப் பார்த்துச் சுடும் சுகம் அதில் இல்லை.

மனப்பாடத்துக்கு நல்ல மாற்று கண்டது நிண்டெண்டோவின் 'ஸ்டார் ஃபாக்ஸ் 64' (1997). முதல் கட்டமான கார்னீரியாவில் தோழன் ஃபால்கோவைக் காப்பாற்றி, கல் வளைவுகள் எல்லாவற்றின் கீழும் பறந்தால், அவன் அருவிக்குப் பின்னால் வேறு வழிக்கு அழைத்துப் போவான். தவறவிட்டால் வேறு எதிரி, வேறு பாதை. ஒரே குண்டில் பலரை வீழ்த்தினால் கூடுதல் புள்ளியும் உண்டு. அதனால் வழி தெரிந்த பிறகும், யாரை முதலில் சுடுவது, எந்தக் கூட்டம் நெருங்கி வரும்வரை பொறுப்பது என்ற கணக்கு தீர்வதில்லை. இந்த வகையில் புதிதாக ஆட்டம் செய்கிறவர்கள் ரத்தத்தையும் வெடிச்சத்தத்தையும் கூட்டுவதை விட்டு, இந்தக் கணக்கைக் கூட்ட வேண்டும்.