மூன்று மயிரிழை இடைவெளி

மிச்சிகனில் பனிக்காலம் நெருங்கினால் பிக்கப் வண்டிக்காரர்கள் பின்பெட்டியில் மணல் மூட்டை அடுக்க ஆரம்பிப்பார்கள். எஞ்சின் கனமெல்லாம் முன்னால் இருக்க, வண்டியைத் தள்ள வேண்டிய பின்சக்கரங்களின் மேல் காலிப் பெட்டிதான் இருக்கும். சிவப்பு விளக்கில் நின்று கிளம்பும்போது ஒரு பின்சக்கரம் சாமி வந்தது போல ஆடும். இன்னொன்று திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

என் பக்கத்து வீட்டுக்காரர் கியர்பாக்ஸ் பழுது பார்க்கும் கடையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனதாகச் சொல்லி, ஓர் அக்டோபர் சனிக்கிழமை தன் 2001 ஃபோர்டு எஃப்-150-க்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் மாட்ட உட்கார்ந்தார். விளக்குப் பிடிக்க வரச்சொன்னார். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துப் போனேன். இருட்டிய பிறகுதான் திரும்பினேன், அதுவும் மனசில்லாமல்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் அதனதன் வேகத்தில் விடுவதுதான் டிஃபரன்ஷியல். செவ்ரோலே நிறுவனம் இதை விளக்க 1937-இல் ‘அரவுண்ட் தி கார்னர்’ என்று ஒரு குறும்படம் எடுத்தது. இன்றுவரை அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் வழுக்கும் சக்கரத்துக்கே எல்லா விசையும் போய்விடுகிறது என்று மெக்கானிக்குகள் முதல் புத்தகங்கள் வரை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் ஓரவஞ்சனை அறியாதது; முறுக்குவிசையை இரு பக்கமும் சமமாகத்தான் பரிமாறும். பனிக்கட்டி மேல் நிற்கும் சக்கரம் சுழல ஒரு கரண்டி போதும், ஆகவே தார் மேல் நிற்கும் சக்கரத்துக்கும் அதே ஒரு கரண்டிதான். ஒருத்தர் ‘போதும்’ என்று கை மறித்தால் பந்தி முழுவதற்கும் பரிமாறுவதை நிறுத்திவிடுகிற சமபந்தி அது.

இந்தச் சமத்துவத்தால் பந்தயக்காரர்களும் அவதிப்பட்டார்கள். ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் சக்கரம் வெறுமனே சுழல்வதைத் தாங்க முடியாமல் ஃபெர்டினாண்ட் போர்ஷே 1935-இல் இசட்.எஃப். நிறுவனத்திடம் ஒரு வழி கேட்டார். அமெரிக்காவில் 1957-இல் செவ்ரோலே தன் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு ‘பாசிட்ராக்ஷன்’ என்று பெயர் சூட்டியது. வனஸ்பதி எல்லாம் டால்டா ஆனதுபோல எந்தக் கம்பெனி சரக்கும் பாசிட்ராக்ஷன் ஆயிற்று. 1992-இல் வந்த ‘மை கசின் வின்னி’ படத்தில் மரிசா டோமே சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து, தரையில் பதிந்த இரண்டு டயர் தடங்களும் ஒன்றுபோல் இருப்பதை வைத்து, அவை பாசிட்ராக்ஷன் உள்ள வண்டியின் தடங்கள் என்று காட்டிக் கொலை வழக்கை உடைப்பார். அந்த வேடத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. பின்அச்சுக்கு எழுதப்பட்ட ஒரே காதல் காட்சி என்று நான் அதைச் சொல்வேன்.

பக்கத்து வீட்டுக்காரர் புதிது வாங்கவில்லை. பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் ஒவ்வொரு பிக்கப்பின் அடியிலும் ஊர்ந்து, பின்மூடி போல்ட்டில் தொங்கும் தகட்டை டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். ஃபோர்டு அந்தத் தகட்டில் பல் விகிதத்தைப் பொறிக்கும். சாதாரண அச்சு என்றால் 3.55. லிமிடெட் ஸ்லிப் என்றால் புள்ளி இருக்கும் இடத்தில் ‘எல்’ என்ற எழுத்து உட்கார்ந்திருக்கும்: 3எல்55. ஒரு புள்ளியை எழுத்தாக்கி இவ்வளவு சேதி சொன்ன குமாஸ்தா யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. ஆக்சில் நுனியில் 31 வரிப்பற்கள் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பார்த்தாராம், இதே 8.8 அங்குல அச்சில் 28 பல் உள்ள ரகமும் உண்டு.

யார்டிலிருந்து வந்த அந்த இரும்பு உருண்டையைப் பிரித்ததும் எனக்குக் கண் விரிந்தது. ஒவ்வொரு பக்கப் பல்சக்கரத்தின் முதுகிலும் எஃகுத் தட்டும் உராய்வுத் தட்டும் மாறி மாறி, தோசை அடுக்கினாற்போல. நடுவே ஆங்கில ‘எஸ்’ வடிவில் ஒரு தடித்த சுருள்வில், இரண்டு அடுக்கையும் வெளிப்பக்கம் நெட்டித் தள்ளியபடி. ஒரு பக்கம் வழுக்கினாலும் தட்டுகளின் உராய்வு மறுபக்கத்துக்குக் கொஞ்சம் விசையைக் கடத்தும். எஞ்சின் அதிகமாக இழுக்க இழுக்க பற்களே ஒன்றையொன்று விலக்கித் தட்டுகளை இன்னும் நெருக்கும். முழுப் பூட்டும் இல்லை, முழு விடுதலையும் இல்லை. ஹெலிகல் பல் வைத்த ரகங்கள் இதைவிடச் சுத்தமானவை, தேயத் தட்டே கிடையாது. இருந்தாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அவை கைவிரித்துவிடும். எனக்கு இந்தத் தட்டு ரகத்தின் மேல்தான் பிரியம். தேய்ந்தால் மாற்றலாம் என்பது ஒரு மரியாதை. பழைய தட்டுகளை எறிந்துவிட்டுப் புதியவற்றை எண்ணெயில் ஊறவைத்துச் செருகினார். அந்த ‘எஸ்’ வில்லைச் சுத்தியால் தட்டி ஏற்றும்போது மட்டும் என்னைக் கராஜுக்கு வெளியே நிற்கச் சொன்னார். தெறித்தால் ஆள் பிழைப்பது கஷ்டமாம்.

பிறகு தன் வண்டியின் பின்மூடியைத் திறந்ததும் கந்தக வாடையோடு கியர் ஆயில் வழிந்தது. அந்த நாற்றம் இரண்டு குளியலுக்கும் அசையவில்லை. குறுக்குப் பின்னை உருவி, ஆக்சிலை உள்ளே அழுத்தி, ‘சி’ வடிவக் கிளிப்புகளைக் கையில் ஏந்தி, இரண்டு ஆக்சிலையும் வெளியே இழுத்தார். பேரிங் மூடிகளில் இடது வலது அடையாளம் குத்தினார். ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை என்பதால் இடம் மாறினால் பொருந்தாது. பழைய டிஃபரன்ஷியல் கூட்டிலிருந்து பெரிய பல்வளையமான கிரவுன் சக்கரத்தைக் கழற்றி யார்டிலிருந்து வந்த கூட்டில் முடுக்கினார். யார்டு வண்டியின் கிரவுன் நன்றாகவே இருந்தும் தொடவில்லை. கிரவுனும், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஒன்றாகத் தேய்த்துப் பழக்கப்பட்ட ஜோடி, பிரிக்கக்கூடாது.

இதுவரை நடந்தது கைவேலை, இனி அளவு வேலை. கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே ஒரு ‘ப்ளே’ இருக்க வேண்டும்: அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 8 முதல் 12 பங்கு. மூன்று மயிரிழை கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால், சூடேறிப் பல் விரியும்போது எண்ணெய்ப் படலத்துக்கு இடமின்றி ஊளையிடும். மேலே போனால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்தோறும் ‘டொக்’கென்று இடிக்கும். இதைச் சரிசெய்வது இரு புறமும் செருகும் ஷிம் வளையங்களால். ஒரு பக்கம் எடுத்த கனத்தை மறுபக்கம் வைக்க வேண்டும், மொத்தம் மாறக்கூடாது.

முதல் தடவை டயல் கேஜ் முள் 4-இல் நின்றது. கழற்றினார். அடுத்து 15. மறுபடி கழற்றினார். அத்தனை கனமான உருண்டையை மடியில் வாங்கி மடியில் கொடுத்து, ஐந்தாவது முறை முள் 10-இல் நின்றபோது மணி நாலு. முடிந்தது என்று நான் எழுந்தேன். அவர் ஒரு டப்பாவைத் திறந்து பற்களில் மஞ்சள் பசையைத் தூரிகையால் பூசினார். சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்ற, பினியன் உராய்ந்த இடத்தில் மஞ்சள் விலகி முட்டை வடிவில் ஒரு தடம் தெரிந்தது. பல்லின் விளிம்புக்கு ஏறாமல், அடியிலும் இறங்காமல், நடுவில். எண் சரியாக வந்தாலும் தடம் தப்பாக விழலாமாம். எண்ணை நம்பாதே, தடத்தைப் பார் என்றார். அதன்பின் அதே மாதிரி இன்னும் நாலு பல்லில் பூசிப் பார்த்தார். அவசியத்துக்காக என்று தோன்றவில்லை. நன்றாகப் பாடிய சங்கதியைப் பாடகர் தனக்காக ஒருமுறை திருப்பிப் பாடுவாரே, அப்படி.

மூடியை மாட்டி, கியர் ஆயிலோடு உராய்வைப் பக்குவப்படுத்தும் திரவம் 120 மில்லி ஊற்றினார். அது இல்லையென்றால் மெதுவாகத் திரும்பும்போது தட்டுகள் வெடவெடக்கும். யார்டு வண்டியின் 3எல்55 தகட்டை மூடி போல்ட்டில் மாட்டினார். பிறகு ஆளில்லாத ஒரு பார்க்கிங் மைதானத்துக்குப் போய் எட்டு போட்டோம். ஆமாம், லைசென்ஸுக்கு ஸ்கூட்டரில் போடுகிற அதே எட்டு. புதுத் தட்டுகளுக்குள் எண்ணெய் இறங்க அதுதான் வழி. என் முதல் எட்டு கோணலாக வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார்.

டிசம்பரில் பனி கொட்டியது. அவர் வாசலிலிருந்து தெருவரை இரண்டு தடம், ஒன்றுபோல் ஆழமாக. எட்டிப் பார்த்தேன், பெட்டியில் இரண்டு மணல் மூட்டை இன்னும் இருந்தன. வெறும் பனிக்கட்டி மேல் இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கினால் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் போய்விடும், அதற்கு எடைதான் மருந்து என்றார். ஆறு மூட்டை இரண்டாகக் குறைந்திருக்கிறது.