நூலா, வழக்கமா? இந்துச் சட்ட மரபின் அளவுகோல்கள்

குடும்பச் சொத்தில் மகனுக்கு உரிமை எப்போது வருகிறது? பிறந்தபோதே என்கிறது மிதாக்ஷரம். தந்தை இறந்த பிறகுதான் என்கிறது தாயபாகம். முன்னது, சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் கல்யாணியில் இருந்த விஞ்ஞானேசுவரர் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய உரை. பின்னது ஜீமூதவாகனர் இயற்றியது. வங்கத்தில் செல்வாக்குப் பெற்றது. மிதாக்ஷரத்துக்குள்ளும் காசி, மிதிலை, மகாராஷ்டிரம், திராவிடம் எனப் பிரிவுகள் உண்டு. தேவண்ண பட்டரின் ஸ்மிருதி சந்திரிகையும் மாதவரின் பராசர மாதவீயமும் திராவிடப் பிரிவின் முதன்மை நூல்கள்.

இப்பிரிவுகள் எப்படி வேறுபட்டன என்பதற்குத் தத்து பற்றிய விதி நல்ல சான்று. கணவன் சம்மதமின்றிப் பெண் பிள்ளையைக் கொடுக்கவோ ஏற்கவோ கூடாது என்பது வசிஷ்டர் வாக்கு. தத்தெடுக்கும் வேளையிலேயே அந்தச் சம்மதம் வேண்டும், ஆகவே கைம்பெண்ணால் இயலாது என்றது மிதிலை. கணவன் உயிரோடிருந்தபோது அனுமதி தந்திருந்தால் போதும் என்றன வங்கமும் காசியும். அவன் இல்லாவிட்டால் உறவினர் சம்மதம் ஈடாகும் என்றது திராவிடம். கணவன் இருக்கும்வரைக்குத்தான் இந்த விதி என்று முடித்தது மகாராஷ்டிரம். மூலம் ஒன்று, தீர்ப்புகள் நான்கு.

இந்தப் பன்மை ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிமன்றத்துக்குள் வந்தது. இந்துக்களின் வாரிசுரிமை, திருமணம் போன்றவற்றுக்குச் சாஸ்திரமே சட்டம் என வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772-இல் வகுத்தார். நீதிபதிகள் பண்டிதர்களைக் கேட்டுத் தீர்ப்பளித்தனர். மிதாக்ஷரம், தாயபாகம் ஆகிய இரு பெருநூல்களின் வாரிசுரிமைப் பகுதிகளை ஆங்கிலேய அதிகாரி கோல்புரூக் 1810-இல் ஆங்கிலமாக்கினார். 1864-இல் பண்டிதர் பதவிகளே ஒழிந்தன, அச்சுநூல் நிலைத்தது.

ஆனால் நூலுக்கு மேல் ஒன்று உண்டு என்பதை நிலைநாட்டியது இராமநாதபுரம் வழக்கு. பிள்ளையின்றி ஜமீன்தார் இறந்தபின், அவர் மனைவி உறவினர் சம்மதத்துடன் தத்தெடுத்தார். தத்து செல்லாது, வாரிசில்லாச் சொத்து அரசுக்கே சேரும் என்று மதுரை கலெக்டர் வாதாடினார். அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1868-இல் தத்தை ஏற்றது. நடைமுறை தெளிவாக நிரூபிக்கப்பட்டால் எழுதிய விதியை அது விஞ்சும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அப்படியென்றால் வழக்கத்தை எப்படி அளப்பது? மற்றொரு சென்னை மாகாண வழக்கில், 1872-இல், பிரிவி கவுன்சிலே அளவைச் சொன்னது: வழக்கம் பழமையானதாகவும் மாறாததாகவும் இருக்க வேண்டும், ஐயத்துக்கிடமற்ற சான்றும் வேண்டும். கேட்க நியாயமாகவே தோன்றும். ஆனால் எழுத்தில் எதையும் வைத்திராத எளிய மக்கள் இத்தகைய சான்றுக்கு எங்கே போவார்கள்? நிரூபிக்க முடியாதவர்மீது வடமொழி நூலே விழுந்தது. சென்னை மாகாணத்தின் பெரும்பாலான மக்கள் கேள்விப்பட்டிராத நூல்களை அவர்களுக்குச் சட்டமாக்குவது தகாது என்று 1877-இல் நூலே எழுதினார் ஜே.எச். நெல்சன். மதுரை மாவட்ட வரலாற்றை எழுதிய அதிகாரி அவர்.

பழமை என்ற அளவுகோல் புதிய நடைமுறையை எப்படி நெரித்தது என்பது 1953-இல் வெளிப்பட்டது. சடங்கற்ற சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது சென்னை உயர்நீதிமன்றம்: சாஸ்திரச் சடங்கும் இல்லை, நீண்டகால வழக்கமும் இல்லை. அண்ணா அரசு 1967-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த பிறகே அத்திருமணங்கள் சட்டத்தின் கண்ணில் திருமணங்களாயின. தொன்மையால் பெற முடியாததைத் தேர்தல் பெற்றுத் தந்தது.

அதற்காக வழக்கம் எல்லாமே நல்லது என்று சொல்லிவிட முடியாது. மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கில்லை என்பதில் நூலும் வழக்கமும் பெரும்பாலும் கைகோத்தே நின்றன. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் நூல்விதியையும் வழக்கத்தையும் பொதுவாக ஒதுக்கியது. ஆயினும் மிதாக்ஷரக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமையை ஆண்களுக்கே விட்டுவைத்தது. ஆந்திரம் 1986-இலும் தமிழகம் 1989-இலும் மகளைச் சேர்த்தன. 2005-இல் நாடே பின்தொடர்ந்தது. மறுபக்கம், 1955-ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் வழக்கத்துக்கு இடம் விட்டதால்தான் அக்காள் மகளை மணக்கும் தென்னாட்டு முறை இன்றும் செல்லுகிறது.

நூலை வழக்கம் திருத்தியது; வழக்கத்தைச் சட்டமன்றம் திருத்தியது. எது பழையது என்று மட்டும் கேட்ட காலத்தில் ஜமீன்களுக்கு நீதி கிடைத்தது. யாருக்குச் சமத்துவம் மறுக்கப்படுகிறது என்று கேட்கத் தொடங்கியபின்தான் மகள்களுக்குக் கிடைத்தது.