வழக்காடும் பக்தி: நடுநாட்டுப் பாவலரும் ஆங்கிலத் தத்துவக் கவிஞரும்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகி, கச்சிராயபாளையத்து அணையில் தேங்கிக் கிழக்கே போகிறது. நடுநாட்டுப் பக்திப் பாட்டு பிறந்த ஊர்களும் அந்தக் கிழக்குத் திசையில்தான் இருக்கின்றன. திருக்கோவலூரும் திருநாவலூரும் இன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே உள்ளன. திருவெண்ணெய்நல்லூர், திருவாமூர், திருவதிகை, திருத்துறையூர் எல்லாம் மாவட்ட எல்லைக்கு அப்பால், ஒரு நாளில் போய் வரும் தொலைவில். பாடல் பெற்ற தலங்கள் 22 கொண்ட இந்நாட்டின் பாட்டை அன்பின் பெருக்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனுள் ஓடும் கூர்த்த அறிவையும், இறைவனோடு வழக்காடும் துணிவையும் போதிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம். அதைப் பேசுவதற்குப் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கவிஞர் சிலரைத் துணைக்கு அழைக்கிறேன்.

ஜான் டன், ஜார்ஜ் ஹெர்பர்ட், ஹென்றி வான் முதலானோருக்குத் ‘தத்துவக் கவிஞர்’ என்ற பெயர் பின்னால் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சாமுவேல் ஜான்சன் அதைக் குறையாகவே சொன்னார்; ஒட்டாத இரண்டு பொருள்களை வலிந்து இணைக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. 1921இல் டி.எஸ். எலியட் அதையே அவர்களின் பலமாகக் கண்டார். அவர்களிடம் சிந்தனையும் உணர்ச்சியும் பிரியாமல் இருந்தன என்றார்.

ஜான்சனின் குற்றச்சாட்டைத் திருக்கோவலூர் இடைகழியில் வைத்துப் பார்க்கலாம். மழை இரவில் பொய்கை, பூதம், பேய் என்னும் மூன்று ஆழ்வார்கள் அங்கே ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற இடத்தில் நாலாவதாக ஒருவர் வந்து நெருக்கினார். யாரென்று பார்க்கப் பொய்கையார் பூமியையே அகலாக்கி விளக்கேற்றினார். பூதத்தார் அந்த விளக்கை உள்ளே கொண்டுபோய்த் தம் அன்பில் ஏற்றினார். பேயார் கண்டார். பூமியை அகலாக்குவதும் வலிந்த இணைப்புதான். ஆனால் அந்த உவமை அணியாக நின்றுவிடவில்லை. வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து காட்சிக்கு என்று சிந்தனையைப் படிப்படியாக ஏற்றிச் செல்கிறது. நூறு நூறு வெண்பாவாக மூன்று திருவந்தாதி அந்த இரவிலிருந்து வந்ததாக மரபு சொல்கிறது. இந்த வகைப் பாட்டை மதிப்பிட எனக்கு இதுவே முதல் உரைகல்: உவமையை எடுத்துவிட்டால் கருத்தும் கூடவே போய்விட வேண்டும்.

திருவாமூர் தந்த அப்பர் உடல்வலி வழியாக வந்தவர். சமணத்தில் தருமசேனராக உயர்ந்திருந்தவரைச் சூலைநோய் வாட்டியது. தமக்கை திலகவதியாரிடம் திரும்பி, திருவதிகை வீரட்டானத்தில் முதல் பதிகம் பாடினார். அந்தப் பதிகத்தில் வலியும் முறையீடும் ஒன்றாகவே இருக்கின்றன. லண்டனில் தூய பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்த டன், 1623இல் கடுங்காய்ச்சலில் விழுந்து, அந்தப் படுக்கையனுபவத்தை மறு ஆண்டே உரைநடை நூலாக்கினார். 23 பகுதிகள். ஒவ்வொன்றிலும் முதலில் சிந்தனை, கடைசியில் செபம், இரண்டுக்கும் நடுவே கடவுளோடு ஒரு வாதம். வாதத்தைக் கடக்காமல் செபத்துக்கு வர அவரால் முடியவில்லை.

வழக்கு என்றால் நமக்குச் சுந்தரர்தான். திருநாவலூர்ப் பிள்ளையின் மணப்பந்தலுக்குள் ஒரு கிழவர் அடிமை ஓலையோடு நுழைந்ததையும், திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை வென்றதையும் சேக்கிழார் ஒரு நீதிமன்றக் காட்சியாகவே எழுதியிருக்கிறார். கிழவராக வந்த இறைவன் பாடச் சொன்னதும் தோற்றவர் எடுத்த முதல் சொல் ‘பித்தா’ என்ற வசை. பின்னாளில் பார்வையை இழந்தபோதும் அவர் கெஞ்சியதோடு நிற்கவில்லை. திருவாரூர்ப் பெருமானை வாழ்த்துவதுபோலச் சினந்து பாடினார். டன்னும் இளமையில் லண்டனில் சட்டம் பயின்றவர். தம்மீது கடவுளுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்று பத்திரம் எழுதுவதுபோல ஒரு பாட்டில் அடுக்குகிறார். உரிமை உமதானால் சாத்தான் எப்படி இந்த நிலத்தை ஆக்கிரமித்தான் என்று கேட்கிறார். இருவரிலும் சுந்தரருக்கே உரிமை கூடுதல் என்பது என் கணிப்பு. டன் தீர்ப்புக்கு அஞ்சிக் கொண்டே பேசுகிறார். சுந்தரரின் வழக்கோ முன்பே முடிந்துவிட்டது. இனி அவர் தோழர், எதையும் கேட்கலாம்.

ஹெர்பர்ட்டை நம் ஊர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். அவருடைய ஒரு பாட்டில் குத்தகைக்காரன் ஒருவன் பழைய குத்தகை கட்டுப்படியாகாமல் புதிது கேட்டு நிலக்கிழாரைத் தேடி அலைகிறான். மாளிகையிலும் அவைகளிலும் கிடைக்காதவர் கள்வர் நடுவே சாகும் தறுவாயில் கிடைக்கிறார்; கேட்கும் முன்பே கொடுத்துவிட்டு உயிர் விடுகிறார். பதினான்கே அடிகள். சிற்றூர் ஒன்றில் மூன்று ஆண்டு குருப்பணி செய்து 1633இல் மறைந்தவர் அவர். அதே ஆண்டில் அவருடைய பாட்டு நூல் வெளிவந்தது. பலிபீட வடிவிலும் சிறகு வடிவிலும் அவர் அமைத்த பாட்டுகளைத் திருஞானசம்பந்தரின் திருவெழுகூற்றிருக்கையோடு ஒப்பிடலாம். வேல்ஸ் நாட்டு ஹென்றி வான், ஒளியைப் பாடியவர். இவர்களோடு எண்ணப்படும் ரிச்சர்ட் கிராஷாவின் கண்ணீர்ப் பெருக்கு எனக்கு ஒட்டவில்லை. அங்கே அணிகள் கருத்தை மூழ்கடித்துவிடுகின்றன.

ஆனால் ‘தத்துவக் கவிஞர்’ என்ற பெயருக்கு முழு உரிமையுள்ள குழு பதிமூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் கூடியது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அவர் குடும்பத்துக்கே குருவாக இருந்த, வயதில் மூத்த திருத்துறையூர் அருணந்தியார் அங்கே வந்து, ஆணவ மலத்தின் வடிவம் எது என்று கேட்டார். மெய்கண்டார் ஒன்றும் சொல்லாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நீர் நிற்கும் நிலையே அது என்று புரிந்த கணத்தில் முதியவர் இளையவரின் காலில் விழுந்தார்.

பிறகு அருணந்தியார் எழுதியவற்றில் சிவஞானசித்தியாரைத்தான் எல்லாரும் போற்றுகிறார்கள். பிற சமயங்களை மறுக்கும் அதன் பரபக்கத்தில் தருக்கம் ஓங்கிப் பாட்டு மெலிகிறது. கவிதையாக அவருடைய ‘இருபா இருபது’ உயர்ந்தது. அதில் குருவையே சிவமாக முன்னிறுத்திக் கேள்வி மேல் கேள்வியாகத் தொடுக்கிறார். நீ எப்போதும் என்னுள் இருந்தாய் என்றால் இந்த இருள் எப்படி என்னைப் பற்றியது? இப்போதுதான் வந்தாய் என்றால் எங்கும் நிறைந்தவன் என்பது என்னாகும்? பரபக்கத்தில் எதிராளியை நோக்கிப் பாய்ந்த அதே தருக்கம் இங்கே சொந்த உயிரை நோக்கித் திரும்பியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கேள்வியும் சுடுகிறது.

பதினான்கு சாத்திரங்களுள் ஒன்று என்று வகுப்பறைக்குள் வைத்துவிட்டதால் இதைப் பாட்டாகக் கேட்கும் வழக்கம் இல்லாமல் போயிற்று. நம் பகுதிக் கோயில்களில் திருமுறை முற்றோதல் நடக்கும் நாட்களில் இந்த இருபதையும் சேர்த்து ஓதலாம். வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறி மாறி அந்தாதியாக வருவதால் ஓதுவாருக்கு நினைவில் நிற்கும், கேட்பவருக்கும் ஓசை சலிக்காது. பொருள் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.