செகண்ட்ஸ் சொகுசு செடான்: மதுரையிலும் இலங்கையிலும்

தொடக்கநிலை சொகுசு செடான் என்பது இந்தியச் சந்தையில் ஓரளவு தெளிவான வகை. மெர்சிடிஸ் பென்ஸ் சி கிளாஸ், பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ், ஆடி ஏ4 ஆகிய மூன்றும் அதன் நடுவில் நிற்கின்றன. ஒரு படி கீழே ஆடி ஏ3, மெர்சிடிஸ் சி.எல்.ஏ. இரண்டும் வரும். மதுரையில் 'செகண்ட்ஸ்ல ஒரு பென்ஸ்' என்று பேச்சு எழுந்தால் இந்த வரிசையில் ஒன்றைத்தான் குறிக்கும். இலங்கையிலும் இப்பெயர்கள் உண்டு. ஆனால் அங்கே நடுத்தர வர்க்கத்தின் ஆசைக்குரிய செடான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டொயோட்டா பிரீமியோ. ஜப்பானில் 2001 முதல் 2021 வரை விற்ற, ஆரவாரம் இல்லாத குடும்பக் கார் அது. யாழ்ப்பாணத்துக் கல்யாண வீட்டு வாசலில் அதற்கு அந்தஸ்தைக் கொடுத்தது காரின் தரத்தைக் காட்டிலும் இலங்கையின் வரிக் கொள்கைதான். இரு கரைகளிலும் பழைய கார் வாங்கும் முறை வேறுபடுவதற்கும் வேர் இந்த விலைக் கணக்கிலேயே இருக்கிறது.

இந்தியாவில் இந்தக் கார்கள் உள்நாட்டிலேயே பூட்டப்படுகின்றன. பி.எம்.டபிள்யூ. ஆலை 2007 முதல் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இயங்குகிறது. மெர்சிடிஸுக்குப் புனே அருகே சாக்கன், ஆடிக்கு ஔரங்காபாத். ஆனாலும் முதல் உரிமையாளர் கட்டும் வரி கனமானது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள்கால சாலை வரி உயர்ந்தபோது, 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம் என்றானது. 50 லட்ச ரூபாய்க் காருக்கு வரி மட்டும் 10 லட்சம். விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வராது. காப்பீட்டுக் கணக்கிலும் காரின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குகிறது: ஓராண்டு முடிவில் 15 சதவீதக் கழிவு, இரண்டில் 20, மூன்றில் 30, நான்கில் 40, ஐந்தில் 50. சந்தை விலையும் ஏறத்தாழ இதே சரிவில்தான் போகிறது, சொகுசுக் காரில் சற்று வேகமாகவே. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாற்றத்தால் புதுக் காரின் விலை இறங்கியபோது பழைய காரின் விலையும் அதோடு சேர்ந்து இறங்கியது. பத்து வயதான 3 சீரிஸ் புதிய நடுத்தரச் செடானின் விலைக்கும் கீழே கிடைப்பது இதனால்தான். மதுரைக்காரர் வாங்குவது முதல் உரிமையாளர் ஏற்கெனவே பட்டுவிட்ட நட்டத்தை.

இலங்கையில் கணக்கு தலைகீழ். அங்கே வாகனம் இறக்குமதிப் பொருள். உற்பத்தி வரி பெரும்பாலும் எஞ்சினின் கன அளவைப் பொறுத்து ஏறுகிறது, அதன் மேல் சுங்கத் தீர்வையும் வற் வரியும் சேரும். அந்நியச் செலாவணி நெருக்கடியில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரி 1 அன்றுதான் திறந்தது. இடையில் 2022இல் டாலருக்கு 200 ரூபாயளவில் இருந்த இலங்கை நாணயம் 360க்குச் சரிந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டு புதுக் கார் வராத நாட்டில் ஓடிய கார் வாங்கிய விலையைத் தாண்டி விற்றது. தங்கத்தைப் போலக் காரும் சேமிப்பானது. ஆகவே மதுரையில் வாங்குபவரின் முதல் கேள்வி 'மாதம் எவ்வளவு செலவு வைக்கும்?' என்பது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்குபவர் 'திரும்ப விற்றால் எவ்வளவு போகும்?' என்றுதான் தொடங்குவார். நிறம், எஞ்சின் அளவு, எந்தக் காரை விரும்புவது என்பதைக்கூட இந்த இரண்டாம் கேள்வியே அங்கு முடிவு செய்கிறது.

கார் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. மதுரைச் சந்தைக்கு வரும் கார்களில் டி.என். 58, 59, 64 என்ற உள்ளூர் எண்களோடு, ஒரே உரிமையாளர் கையில் இருந்தவற்றுக்கு மதிப்பு அதிகம். அடுத்து சென்னைக் கார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே ஏராளமான கார்கள் மூழ்கின. தேனி வழியாக வரும் கேரளக் காருக்கு 2018 ஆகஸ்ட் வெள்ளமும் ஒரு கேள்வி. மூழ்கிய கார் கழுவி மெருகிட்டு வந்தாலும் சில இடங்களில் பிடிபடும்: இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, முழுதாக இழுத்த சீட் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு, தரைவிரிப்பின் கீழ் ஈர வாடை. சொகுசுக் காரில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பல தாழ்வான இடங்களில் இருப்பதால் இது மாருதிக்கு வரும் சேதத்தைப் போல ஒரு மாதத்தில் தீரும் சேதமில்லை.

இன்னொரு வகை டில்லிக் கார். தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் விதித்த தடை, அங்குள்ள டீசல் சொகுசுக் கார்களைத் தெற்கு நோக்கித் தள்ளியது. விலை கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, வயதுக்கேற்ற வரியை இங்கே மீண்டும் கட்ட வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்தால் லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். குறைந்த வரிக்காகப் புதுச்சேரியில் பதிந்து தமிழ்நாட்டிலேயே ஓடிய பி.ஒய். கார்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

இலங்கையில் மூலத்தை இரண்டாகப் பிரிப்பார்கள்: ஏஜென்ட் வழியாகப் புதிதாக வந்தது, 'ரீகண்டிஷன்' ஆக வந்தது. மெர்சிடிஸுக்கு டிமோ, பி.எம்.டபிள்யூ.வுக்கு பிரெஸ்டீஜ் ஆட்டோமொபைல் என்று ஏஜென்ட் பெயரே விலையில் சேரும். ரீகண்டிஷன் என்ற சொல்லைக் கேட்டு யாரோ பழுதுபார்த்துப் புதுப்பித்ததாக எண்ணிவிடக் கூடாது. ஜப்பானில் சில ஆண்டு ஓடி ஏலத்தில் விற்கப்பட்டு, அப்படியே கப்பலேறிய கார் என்பதே அதன் பொருள். ஜப்பானில் புதுக் கார் மூன்றாம் ஆண்டிலும் அதன் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனைக்குச் செல்ல வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க நல்ல நிலையிலேயே விற்பவர்கள் அங்கே பலர். கூடவே வருவது ஏலத் தாள். 4.5, 4, 3.5 என்று தரமும், கீறல், ஒடுக்கு இருக்கும் இடங்களின் படமும் அதில் இருக்கும். 'ஆர்' என்று போட்டிருந்தால் விபத்தில் சிக்கிச் சரிசெய்த வண்டி. இலங்கை வாங்குநருக்கு இந்தத் தாள்தான் ஜாதகம், ஆகவே போலித் தாளும் சந்தையில் உலவும். பிரித்தானியாவிலிருந்து வந்த பழைய பி.எம்.டபிள்யூ., ஆடிகளும் உண்டு. அவற்றின் ஓட்டமானி மைலில் காட்டும். 40,000 என்ற எண்ணைக் கிலோமீட்டராக எடுத்துக்கொண்டால் வாங்குநர் ஏமாந்துபோவார்.

இந்தியாவில் இந்த வழி அநேகமாக அடைபட்டது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய முடியாது, அதற்குட்பட்டதற்கும் தீர்வை கடுமையானது. ஆகவே மதுரையில் ஏலத் தாளின் இடத்தில் இருப்பது கம்பெனி சர்வீஸ் பதிவேடு. அங்கீகரிக்கப்பட்ட பணிமனை எதிலும் சேசிஸ் எண்ணைக் கொடுத்து எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது என்று பார்ப்பதே மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று அறிய நம்பகமான வழி. காப்பீட்டு உரிமைகோரல் விவரத்தையும் கேட்டுப் பார்ப்பது வழக்கமாகி வருகிறது.

எஞ்சினிலும் இரு சந்தைகள் பிரிகின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வரும்வரை இந்தியாவில் விற்ற சொகுசு செடான்களில் இரண்டு லிட்டர் டீசலே மேலோங்கி நின்றது. அந்த விதியோடு ஆடி இங்கு டீசலையே கைவிட்டது. எனவே மதுரையில் பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் 320டி, சி220, ஏ4 டீசல் வண்டிகள். 2012க்குப் பின் வந்த 320டி-யில் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறம், கியர் பெட்டிப் பக்கம் இருக்கிறது. குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது அங்கிருந்து உரசல் ஓசை வந்தால், பாகத்தின் விலையை விட அதை எட்டுவதற்கான கூலி அதிகம். ஆடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியா பெட்ரோல் வகைகளில் வரும் ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி, காளவாசல் சிக்னலில் நின்று நின்று ஊரும் வண்டிக்கு உகந்ததன்று. மெதுவாக ஊரவிட்டு அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பது அதற்கான சோதனை.

இலங்கையில் கன அளவு வரி சிறிய எஞ்சினையே வாழ வைத்தது. மூன்று சிலிண்டர் 1,500 சி.சி. கொண்ட 318ஐ, 1,000 சி.சி. ஆடி ஏ3 போன்றவை அங்கே இயல்பான தேர்வு. இந்தியச் சந்தையில் அவற்றை ஏளனமாகத்தான் பார்த்திருப்பார்கள். வரிச் சலுகை இருந்த காலத்தில் ஹைபிரிட்களும் ஏராளம் வந்தன. அவற்றில் எஞ்சினுக்கு முன் பார்க்க வேண்டியது பேட்டரியின் நிலை. 2022 ஜூலை இறுதியில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். அட்டை முறை வந்து காருக்கு வாரம் 20 லிட்டர் என்றானபோது, குறைந்த எரிபொருளில் ஓடும் செடானின் மதிப்பு இன்னும் கூடியது. யாழ்ப்பாணத்துக்கு இது முதல் பாடமன்று. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகிய ஊர் அது.

மதுரைச் சமவெளி தன் பங்குக்குச் சில நிபந்தனைகள் வைக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் ரப்பர் புஷ்கள் வெடிக்கும், ஏ.சி. கம்ப்ரசர் ஓய்வில்லாமல் உழைக்கும். சோழவந்தான், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்ச் சாலைகளில் அளவில்லாமல் போட்ட வேகத்தடைகள் தாழ்ந்த செடானின் வயிற்றில் இடிக்கும். ஆகவே வண்டியைப் பள்ளத்தின் மேலோ லிஃப்ட்டிலோ ஏற்றி அடிப்பாகத்தையும் எண்ணெய்த் தொட்டியையும் பார்க்காமல் விலை பேசுவது வீண். பல பி.எம்.டபிள்யூ.க்களில் ஸ்டெப்னி கிடையாது. காற்றிறங்கினாலும் சிறிது தூரம் ஓடும் டயர்களின் விலையை, நான்கையும் சேர்த்து, முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். காரின் விலை இறங்கும், உதிரிபாகத்தின் விலை இறங்காது. செகண்ட்ஸ் சொகுசுக் காரில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறியிருக்கிறார்கள். அந்தந்தக் கம்பெனியின் பணிமனை மதுரையிலேயே இருக்கிறதா, இல்லை ஏறத்தாழ 460 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னைக்கு வண்டியை ஏற்றி அனுப்ப வேண்டுமா என்பதும் விலையின் ஒரு பகுதியே. பழைய பாகத்துக்குச் சென்னையில் புதுப்பேட்டை, கொழும்பில் பஞ்சிகாவத்தை. பிரீமியோவின் எந்தப் பாகமும் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அந்தக் காரின் விலையில் அடங்கியிருக்கிறது.

விற்பவரையும் வாங்குபவரையும் சேர்ப்பவருக்கு மதுரையில் புரோக்கர் என்றும், கடை வைத்திருந்தால் கன்சல்டிங் என்றும் பெயர். இலங்கையில் அது கார் சேல். இரு இடத்திலும் ஒரே கெட்ட வழக்கம் வேரூன்றியிருக்கிறது. மதுரையில் '29, 30 கையெழுத்து' என்பார்கள்: உரிமை மாற்றத்துக்கான படிவம் 29இலும் 30இலும் வாங்குபவர் பெயரை நிரப்பாமல் விற்பவர் கையொப்பமிட்டுத் தருவது. இலங்கையில் இதற்கு 'ஓப்பன் பேப்பர்' என்று பெயர். கார் மூன்று நான்கு கை மாறும், பதிவேட்டில் முதல் பெயரே நிற்கும். இடையில் வாங்கியவர்களுக்கு மாற்றச் செலவு மிச்சம், ஆபத்து முழுவதும் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கு. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. விற்றுப் பல கை மாறிய பிறகு நடந்த விபத்துக்கும், பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர், இழப்பீட்டுக்குப் பொறுப்பும் அவரே. சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும், வாங்குபவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரி வண்டியைப் பெற்றதும் படிவம் 29சி மூலம் தெரிவித்து, விற்கும்வரை பொறுப்பைத் தானே ஏற்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஆனால் அங்கீகாரம் பெறாத கன்சல்டிங்குகளும் தொழிலில் இருக்கின்றன.

கடன் பாக்கியிலும் வேறுபாடு உண்டு. இந்தியாவில் உரிமை வாங்கியவர் பெயரில் இருக்கும், ஆர்.சி.யில் வங்கியின் அடமானக் குறிப்பு ஏறும். அதை நீக்கப் படிவம் 35உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் தேவை. எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டாலே குறிப்பு தெரிந்துவிடும். இலங்கையில் லீசிங்கே வழக்கம்: தவணை முடியும்வரை பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளராக நிற்பது நிதி நிறுவனம். மிச்சத் தவணையோடு காரைக் கைமாற்றுவதும் அங்கே சாதாரணம். அதை நிறுவனத்தின் எழுத்து ஒப்புதலின்றி வாய்ப்பேச்சில் செய்துகொண்டவர், தவணை தவறினால் காரையும் கொடுத்த முன்பணத்தையும் சேர்த்து இழப்பார்.

காப்பீடு, இலங்கை வழக்கில் காப்புறுதி, பெயர் மாற்றத்தோடு முடிக்க வேண்டிய கடைசி வேலை. இந்தியாவில் 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உரிமைகோரலில்லாச் சலுகை விற்றவரோடு போய்விடும், காரோடு வராது. இலங்கையில் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்றும் காப்புறுதியும் காட்டி மாகாண அலுவலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும், அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்தே விலையில் கழிப்பார்கள். இந்தியாவில் சாலை வரி ஒருமுறையோடு முடிந்தாலும் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும், பிறகு சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு வயதான சி கிளாஸை மலிவாக வாங்குபவர் மிச்சமிருக்கும் மூன்று ஆண்டைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இலங்கைப் பதிவுக்கு அத்தகைய காலாவதி கிடையாது.

நாள் பார்ப்பதிலும் ஒரு சிறு அனுகூலம் இருக்கிறது. ஆடி மாதத்தில் மதுரைப் பக்கம் கார் வாங்கத் தயங்குவார்கள், ஆடி காராக இருந்தாலும் சரி. அந்த மாதத்தில் விலை பேசி, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, ஆவணியில் வண்டியை எடுப்பவர் சற்றுக் குறைத்துப் பேச முடியும். எடுத்த வண்டி பாண்டி கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறும். கொழும்பிலிருந்து ஏ9 வழியாக யாழ்ப்பாணம் போகும் வண்டி முறிகண்டிப் பிள்ளையார் முன் நின்று தேங்காய் உடைக்கும்.